மேளம் கடைசியில்

பழைய வீணையைச் சரிசெய்யக் கொடுப்பவர்கள் எல்லோரும் முதலில் மேளத்தைப் பற்றித்தான், அதாவது மெட்டுகளை மெழுகில் பதித்த அமைப்பைப் பற்றித்தான், பேசுகிறார்கள். மெழுகு வெடித்திருக்கிறது, மெட்டு ஆடுகிறது, சுருதி சேரவில்லை என்று கண்ணிலும் காதிலும் முதலில் படுவது அதுதான். கடைக்காரர்களும் அதையே முதலில் முடித்துக் கொடுத்துக் கூலி வாங்கிவிடுகிறார்கள். மேளம் கட்டுவது கடைசி வேலை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்த வரிசை தவறியதால் ஒரு குழந்தை வீணையையே வெறுக்கப் பார்த்தாள்.

வீணை என் பெரியம்மாவுடையது. கும்பகோணத்து வீட்டுப் பரணில் பழைய புடவை சுற்றிக் கிடந்தது. ஏகாண்ட வீணை: குடமும் தண்டியும் யாளியின் கழுத்தும் ஒரே பலாமரத்தில் குடைந்தவை. இப்போது பெரும்பாலும் தனித்தனித் துண்டுகளாகச் செய்து இணைக்கிறார்கள். அதிலும் நல்ல வீணைகள் உண்டு. ஆனால் ஏகாண்டம் கையில் இருக்கும்போது அதைப் பரணில் விட்டுவிட்டுப் புதிது வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. வாசிக்கப்போகிறவள் அண்ணன் மகள், பன்னிரண்டு வயது. ‘எலக்ட்ரானிக் வீணை போதும், பையில் போட்டு எடுத்துப் போகலாம்’ என்றார் அண்ணன். அவளுடைய டீச்சர் புதிதாக வாங்கச் சொன்னார். இரண்டையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டிலும் பாட்டியோ அத்தையோ வாசித்தது ஒன்று கிடக்கும். வெளியே எடுத்துத் தட்டிப் பாருங்கள். பலகையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை, மரம் உளுத்துப் பொடி கொட்டாமல் இருந்தால் அது பிழைத்துவிடும்.

ஊரில் பெயர்பெற்ற ஒரு கடையில் கொடுத்தோம். மரத்தையும், தந்திகளைத் தாங்கும் குதிரையையும் முதலில் பாருங்கள் என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். “நாங்க பாத்துக்கறோம்மா, வருஷக்கணக்கா இதே வேலைதான்” என்றார் கடைக்காரர். வீணை கறுப்பு மெழுகும் பித்தளை மெட்டுமாகப் பளபளவென்று திரும்பி வந்தது. கூலியில் பெரும்பகுதி மேளத்துக்கு. குதிரையைத் தொடக்கூட இல்லை.

சில வாரங்கள்தான் தாங்கியது. முதல் தந்தியான சாரணியில் ஒரு கரகரப்பு. மேல் ஸ்தாயிக்குப் போகப் போகச் சுரம் ஏறிக்கொண்டே போனது. எடுத்துப் போய்க் காட்டினோம். வீணையைச் சரியாக வாங்கிக்கூடப் பார்க்காமல், “குழந்தைக்குக் கை இன்னும் படியலை, அழுத்தம் ஜாஸ்தி” என்றார், அவள் முகத்துக்கு நேரே. வீட்டுக்கு வந்து அவள் வீணையைத் தொடவில்லை. போன பணத்தை விட இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கேட்டவுடனே சுருதி தவறுகிறது என்று கண்டுபிடித்த காது அவளுடையது. அந்தக் காதையே சந்தேகப்பட வைத்துவிட்டார்.

அப்புறம்தான் தஞ்சாவூர் போனோம். நீங்கள் முதலிலேயே போய்விடுங்கள். காலையில் கிளம்பினால் பேசிவிட்டு இரவே திரும்பிவிடலாம். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே வீணை செய்கிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. நாங்கள் பார்த்த ஆசாரி மேளத்தைப் பார்க்கவே இல்லை. குதிரையின் மேல் இருக்கும் வெண்கலத் தகட்டில் நகத்தை ஓட்டினார். தந்தி உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தது. கரகரப்பு அங்கிருந்துதான் வந்தது. பிறகு தண்டியை ஒரு கண் மூடிப் பார்த்தார்.

அவர் சொன்னது இது. தகட்டை ராவினாலும் மாற்றினாலும் குதிரையின் உயரம் மாறும். உயரம் மாறினால் தந்திக்கும் மெட்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறும். தூரம் கூடினால், விரலால் அழுத்தும்போது தந்தி அதிகம் இழுபட்டுச் சுரம் ஏறிவிடும். அதோடு, தந்தி இல்லாமல் வருஷக்கணக்காகக் கிடந்த மரம் மறுபடி ஏழு தந்தியின் இழுவை ஏறியதும் சற்றே வளைந்து கொடுக்கும். ஏகாண்டமும் இதற்கு விலக்கில்லை. ஆகவே முதலில் மரம், அடுத்து குதிரை, பிறகு குழந்தை வாசிக்கப்போகிற அதே கனத்துத் தந்தி, அவள் பாடுகிற அதே சுருதி. அப்படியே கட்டிச் சில வாரம் விட்டு, மரம் அடங்கின பிறகு மேளம். கடைக்காரர் இதைத் தலைகீழாகச் செய்திருந்தார். புத்தம்புது மெழுகு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. நான் கிட்டேயே நின்று பார்த்தேன்.

மேளம் எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரிந்தால் அதை இரண்டு தடவை செய்ய வைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும். 24 மெட்டு, ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகச் சொல்லப்படும் அமைப்பு. ராகத்துக்கு ராகம் மெட்டை நகர்த்த வேண்டாம் என்பது அதன் பலம். நகர்த்த முடியாது என்பதால்தான் கட்டும்போதே பிசகக் கூடாது. தேன்மெழுகில் குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சித் தண்டியின் இரு ஓரமும் வைத்து, ஒவ்வொரு மெட்டாகக் காதால் கேட்டு அழுத்துகிறார்கள். பன்னிரண்டாவது மெட்டு தந்தி நீளத்தில் பாதியில் வரும், கடைசி மெட்டு கால் பங்கில். கடைசி இரண்டு மெட்டுக்கு நடுவே உள்ள இடம், தொடக்கத்து இடைவெளியில் ஏறக்குறைய கால்வாசிதான். அங்கே மயிரிழை தவறினாலும் காது கூசும்.

“வாசிக்கிற பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க, அவ இல்லாம மேளம் கட்ட மாட்டேன்” என்றார் ஆசாரி. உட்கார வைத்து, கமகம் இழுக்கச் சொல்லி, அவள் விரல் வலுவுக்கு மெட்டின் உயரத்தை வைத்தார். சுரைக்குடுக்கையையும் சிறியதாக மாற்றினார். இடது தொடையில் அமர்கிற குடுக்கை பெரிதாக இருந்தால் தண்டி மேலே தூக்கி, பிள்ளைக்குத் தோள் வலிக்கும். கடையில் இதை யாரும் கேட்கவே இல்லை. ‘எனக்குக் கை படியலைன்னு சொன்னாங்க’ என்றாள் இவள். ஆசாரி பழைய தகட்டை அவள் கையில் கொடுத்து, பள்ளத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அன்று சாயங்காலமே வீட்டில் சரளி வரிசை கேட்டது.

மற்ற வேலைகள் சாதாரணம். தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கினால் சாக்குக்கட்டி தடவலாம். தேய்ந்த மெட்டை ராவிச் சமப்படுத்துவார்கள்; பள்ளம் விழுந்த மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சிக்கும். பலகைக் கீறலை ஆசாரியே அடைப்பார், நீங்கள் பசை வாங்கி ஊற்றாதீர்கள்.

பாலிஷ் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். கடைக்காரர் பலகை மீது பூசியிருந்த கனமான பாலிஷை எடுக்கச் சொன்னேன். நாதம் பலகையின் அதிர்வில்தான் இருக்கிறது. அதன் மேல் கெட்டியாகத் தோல் போட்டால் அதிர்வு மட்டுப்படும். பார்க்கப் பழசாக இருக்கிறது என்று அண்ணிக்கு இன்னும் குறை. பெரியம்மாவின் வளையல் உரசிய கோடுகள் குடத்தில் அப்படியே இருக்கின்றன, இருக்கட்டும்.

வெயிலில் மூடிய காரில் வீணையை விடாதீர்கள். மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். தந்தி அறுந்தால் அதே கனத்தில் போடுங்கள். எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், ஒன்றைப் போட்டுச் சுருதி ஏற்றிய பிறகு அடுத்ததைக் கழற்றுங்கள்.

செலவைக் கேட்பீர்கள். எலக்ட்ரானிக் வீணைக்கென்று அண்ணன் எடுத்து வைத்திருந்த பணத்தில் மிச்சம் இருக்கிறது. இரண்டு தடவை மேளம் கட்டிய கூலியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.