ஒரே தோசை, இரண்டு உடல்கள்

புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒரு தாத்தாவும் அவருடைய மகளும் பேத்தியும் வசிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தாத்தாவும் பேத்தியும் வீட்டுக்கு அருகில் உள்ள காப்பிக்கடைக்கு நடந்து செல்வார்கள். தாத்தாவின் நண்பரும் அங்கு வந்து சேர்வார். நண்பர் பருமனானவர், தே தாரிக்கும் இரண்டு தோசையும் வாங்குவார். தாத்தாவோ ஒல்லியானவர், நாள்தோறும் நடைப்பயிற்சி செய்பவர். ஆனால், அவர் தே ஓ கோசோங் மட்டுமே கேட்பார். பத்து ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு நோய். நண்பருடைய இரத்தச் சர்க்கரை அளவு சீராகவே இருக்கிறது.

“ஒல்லியாக இருக்கும் உங்களுக்கு எப்படித் தாத்தா இந்த நோய் வந்தது?” என்று பேத்தி சிறுவயதில் ஒருநாள் கேட்டாள்.

“எல்லாம் தலையெழுத்தம்மா,” என்று தாத்தா சிரித்தார். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. இன்று அவள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறாள். அதே கேள்விக்கு விடை தேடி முனைவர் பட்ட ஆய்வை மேற்கொள்ள விரும்புகிறாள்.

அவளுடைய கேள்வி பலருக்கும் உரியது. 2016ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ‘நீரிழிவுக்கு எதிரான போரை’ அறிவித்தது. அப்போது 400,000க்கும் அதிகமான சிங்கப்பூரர்கள் அந்நோயுடன் வாழ்ந்துவந்தனர். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும், மலாய்க்காரர்களில் 16.6 விழுக்காட்டினருக்கும், சீனர்களில் 9.7 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது தெரியவந்தது.

உடல் எடையை மட்டும் பார்த்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. 2004ஆம் ஆண்டில், ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டனர். ஒருவர் இந்தியாவின் புனே நகரைச் சேர்ந்த யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த யூட்கின். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3. ஆனால், யூட்கினின் உடலில் 9.1 விழுக்காடு கொழுப்பு; யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு! ஒல்லியாகத் தெரியும் உடலுக்குள்ளும் கொழுப்பு மறைந்திருக்கக்கூடும் என்பதை அந்தப் படம் உலகுக்கு உணர்த்தியது.

உணவும் எல்லாரிடமும் ஒரே விளைவை உண்டாக்குவதில்லை. 2015ஆம் ஆண்டில், இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 800 பேரின் இரத்தச் சர்க்கரையை ஒரு வாரம் தொடர்ந்து அளந்தனர். ஒரே உணவு ஒருவருக்குச் சர்க்கரையை வெகுவாக ஏற்றியது. மற்றொருவருக்கு அவ்வளவாக ஏற்றவில்லை. குடலில் வாழும் நுண்ணுயிரிகளும் அதற்கு ஒரு காரணம் என்று அவர்கள் கண்டறிந்தனர்.

இத்தகைய புதிர்களை ஆராயும் துறையே ‘முறைமை உயிரியல்’. புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில் ஒரு நிலையத்தில் நின்றுவிட்டால் என்ன நடக்கும்? பேருந்து நிறுத்தங்களில் கூட்டம் சேரும். சாலைகளில் நெரிசல் ஏற்படும். அந்த ஒரு நிலையத்தை மட்டும் பார்ப்பவருக்கு முழு நிலைமையும் விளங்காது. நம் உடலும் அப்படித்தான். கணையம் சுரக்கும் இன்சுலின், கல்லீரல், தசை, கொழுப்பு, குடல் நுண்ணுயிரிகள் ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றன. அவற்றைப் பற்றிய தரவுகளை ஒருங்கே திரட்டி, கணிதத்தின் துணையாலும் கணினியின் துணையாலும் ஆராய்வதே இத்துறையின் வழிமுறை.

இதற்கான தரவுகள் சிங்கப்பூரில் உள்ளன. 2009ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கஸ்டோ’ ஆய்வு, 1,200க்கும் மேற்பட்ட தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய பிள்ளைகளின் வளர்ச்சியைக் கருவிலிருந்தே கவனித்துவருகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி நடத்தும் ‘ஹீலியோஸ்’ ஆய்வில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எனச் சுமார் 10,000 பேர் பங்கேற்றுள்ளனர்.

முனைவர் பட்டத்துக்குப் பொதுவாக நான்கு ஆண்டுகள் ஆகும். உயிரியல் மாணவர்கள் மட்டுமல்லாமல் கணிதம், கணினி, வேதியியல் பயின்றோரும் இத்துறையில் சேரலாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இதற்கு வாய்ப்புகள் உண்டு. அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பான ‘ஏ-ஸ்டார்’ வழங்கும் உபகாரச் சம்பளம், கல்விக் கட்டணத்தை ஏற்பதோடு மாதந்தோறும் உதவித்தொகையும் அளிக்கிறது.

பேத்தி தன் விருப்பத்தைச் சொன்னபோது அம்மா தயங்கினார். “உன்னுடன் படித்தவர்கள் வேலைக்குப் போகப்போகிறார்கள். நீ மட்டும் இன்னும் நான்கு ஆண்டுகள் படிக்கப்போகிறாயா? அதன்பிறகு தாத்தாவின் நோய் குணமாகிவிடுமா?”

“குணமாகாதம்மா,” என்றாள் அவள். “என் சோதனைகளில் பாதி தோற்றுப்போகலாம். ஆனால், தாத்தாவுக்கு ஏன் வந்தது என்று தெரிந்தால், உங்களுக்கும் எனக்கும் வராமல் தடுக்க வழி கிடைக்கலாம்.”

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. “விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எப்போது?” என்று சற்று நேரம் கழித்துக் கேட்டார்.

அன்று மதியம் தாத்தாவின் தட்டில் பேத்தி முதலில் கீரையை வைத்தாள். காய்கறியை முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்று சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வு கூறியதை அவள் படித்திருந்தாள். “அந்த ஆய்வு ஆரோக்கியமானவர்களிடம் நடத்தப்பட்டது தாத்தா. உங்களுக்கும் பொருந்துமா என்று அடுத்த முறை பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் கேட்போம்,” என்றாள்.

“அப்படியென்றால் தலையெழுத்தில்லையா?” என்று கேட்டுக்கொண்டே தாத்தா கீரையை எடுத்தார்.

அருஞ்சொற்கள்
முனைவர் பட்டம் – ஆய்வு செய்து பெறும் உயர் பட்டம்
கணையம் – இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு
தரவு – ஆய்வுக்காகத் திரட்டப்படும் தகவல்

கலந்துரையாடுக
1. இலகு ரயில் எடுத்துக்காட்டு முறைமை உயிரியலை எவ்வாறு விளக்குகிறது?
2. அம்மாவின் தயக்கம் நியாயமானதா? உன் கருத்தைக் காரணத்துடன் கூறு.
3. ஓர் ஆய்வின் முடிவை நமக்கும் பொருந்தும் என்று உடனே ஏற்றுக்கொள்ளலாமா? ஏன்?