ஓடு பதித்தலில் வெளிமூலைகள்

குளியலறைச் சுவரிலும் சமையலறை மேடையிலும் பீங்கான் ஓடு, அதாவது வழக்கில் 'டைல்ஸ்', பதிப்பது சாதாரண வருவாயுள்ளோர் வீடுகளிலும் பரவிவிட்டது. குஜராத் மாநிலத்தின் மோர்பி வட்டாரத்து ஆலைகளிலிருந்து இவ்வோடுகள் நாடெங்கும் செல்கின்றன. ஓடு எத்துணை உயர்ந்ததாயினும், பதித்தவரின் கைத்திறன் வெளிப்படுவது வெளிமூலைகளில்தான்.

தூண், சாளரத்தின் பக்கச் சுவர், குளியலறைத் திண்டு ஆகியவற்றில் இரு பரப்புகள் வெளிநோக்கிச் சந்திக்கும் விளிம்பே வெளிமூலை. உள்மூலையில் ஓர் ஓடு மற்றதன் விளிம்பை மறைத்துவிடும். இங்கு அவ்வாறு மறைப்பதற்கு வழியில்லை. பளபளப்புப் பூச்சு ஓட்டின் முகப்பில் மட்டுமே இருப்பதால், வெட்டிய விளிம்பில் உட்பகுதியின் நிறம் தெரியும். சுவர் ஓடுகளின் நீர் உறிஞ்சும் அளவு பொதுவாக 10 விழுக்காட்டிற்கு மேற்பட்டது. ஆகவே திறந்து கிடக்கும் விளிம்பு விரைவில் கறைபடும்.

மூலையைப் பற்றிய முடிவு முதல் ஓட்டைப் பதிக்குமுன்பே எடுக்கப்பட வேண்டும். பூச்சு வேலையைத் தூக்குக்குண்டாலும் மூலைமட்டத்தாலும் சரிபார்த்த பின், முழு ஓடுகளை வெளிமூலையிலிருந்து தொடங்கி, துண்டுகளை உள்மூலைக்குத் தள்ளுவதே முறை. பூச்சில் உள்ள கோணலை ஓட்டினால் மறைக்க முயல்வது வீண்.

இரு ஓடுகளின் விளிம்பையும் 45 பாகைச் சாய்வாகச் சீவிப் பொருத்துவது இன்று பலராலும் விரும்பப்படுகிறது. பார்வைக்கு அழகுதான். ஆனால் சீவும்போது பூச்சுவரை வெட்டிவிடாமல் முகப்பில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனத்தை விட வேண்டும்; பின்புறம் ஒட்டுக்கலவை நிறைய இடம் கிடைக்குமாறு சற்றுக் கூடுதலாகச் சீவ வேண்டும். பின்னே வெற்றிடம் இருந்தால், வாளி ஒருமுறை இடித்தாலே முனை உதிர்ந்துவிடும். உதிர்ந்த முனை கத்தி போன்றது. குழந்தைகள் உள்ள வீட்டில் இது சிறு குறையன்று.

இதனினும் பெரிய கேடு தொழிலாளியைச் சார்ந்தது. உலர்ந்த ஓட்டைக் கைக்கருவியால் சீவும்போது எழும் தூசியில் சிலிக்கா நுண்துகள்கள் உள்ளன. அவை நுரையீரலில் தங்கி உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த இயலாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. எனினும் ஓடு பதிப்பவர் வேலை செய்வது தொழிற்சாலையில் அன்று, மூடிய குளியலறையில். கைக்குட்டை கட்டிக்கொள்வது இத்துகள்களைத் தடுக்காது. நீர் பாய்ச்சி வெட்டும் பொறியே ஏற்றது. அதனுடன் கசிவு மின்னோட்டத் துண்டிப்பானும் இன்றியமையாதது. நீருக்கென அமைக்கப்படாத கருவியின்மேல் நீரை ஊற்றுவது உயிருக்கு ஆபத்து.

சிக்கனமான வீடுகளுக்கு ஓட்டின் கனத்திற்கேற்ற அலுமினியப் பட்டையோ பி.வி.சி. பட்டையோ போதும். சீவ வேண்டியதில்லை, தூசியும் குறைவு. ஈரம் மிகுந்த இடங்களில் துருப்பிடிக்காத எஃகு நீடித்துழைக்கும். பட்டையின் துளையுள்ள சிறகை ஒட்டுக்கலவையில் அழுத்தி, அதன்மேல் ஓட்டைப் பதிக்க வேண்டும். வேலை முடிந்தபின் மேலே ஒட்டப்படும் பட்டை நாளடைவில் கழன்றுவிடும்.

மதிப்பீடு தயாரிக்கும் அலுவலர்கள் ஓட்டுப் பரப்பைச் சதுர மீட்டரில் குறித்துவிட்டு மூலையை மறந்துவிடுவதுண்டு. அந்நிலையில் பட்டையின் விலையும் சீவும் கூலியும் ஒப்பந்தக்காரரின் தலையில் விழ, அவர் அதனைத் தொழிலாளியின் மேல் சுமத்துகிறார். வெளிமூலைகளை நீள மீட்டரில் தனி இனமாகவும், ஈர வெட்டுப் பொறியின் வாடகையை அதனுள் அடங்கியதாகவும் காட்டலாம்.