இடக்கைக் கத்தரிக்கோல்

என் தங்கை பள்ளியில் பயின்ற காலத்தில் வாரத்திற்கு இரண்டு நாள் தையல் வகுப்பு நடைபெறும். ஊசிவேலையில் அவளுக்கு நல்ல திறமை உண்டு. சங்கிலித் தையலைப் பிறர் வியக்கும்படி போடுவாள். ஆனால், துணி வெட்டும் நாள் வந்தால் அவள் முகம் வாடிவிடும். சுண்ணக்கட்டியால் இட்ட கோடு ஒருபுறம் இருக்கும். கத்தரிக்கோல் மற்றொருபுறம் செல்லும். சில வேளைகளில் துணி வெட்டுப்படாமல், இரண்டு அலகுகளுக்கும் இடையே மடிந்து சிக்கிக்கொள்ளும். வெட்டிய ஓரமோ எலி கடித்தாற்போல் இருக்கும்.

ஒருநாள் இரவிக்கைக்கென வாங்கிய துணியே பாழாயிற்று. அவள் இடக்கையால் வெட்டியதுதான் காரணம் என்று ஆசிரியை முடிவு செய்தார். "சோற்றுக்கையால் பிடி, அம்மா!" என்று சொல்லிக் கத்தரிக்கோலை அவளது வலக்கைக்கு மாற்றினார். வலக்கையில் வேலை இன்னும் கெட்டது. அன்று முதல், "இவளுக்கு வெட்டுவேலை வராது" என்னும் பெயர் நிலைத்துவிட்டது. பிறர் சொன்னதைக் காட்டிலும் வருந்தத்தக்கது, அவளும் அதனை நம்பிவிட்டதே. பல ஆண்டுகள் அவள் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. தைக்க வேண்டிய துணியைப் பிறரிடம் கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்வாள்.

குற்றம் அவள் கையில் இல்லை. அவள் கையில் இருந்த கருவியில் இருந்தது. அஃது எவ்வாறு என்பதைக் காண்போம்.

மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர். நாற்பது மாணவர் அமர்ந்துள்ள ஒரு வகுப்பில் மூவரோ நால்வரோ இத்தகையவராக இருத்தல் கூடும். இது நோயும் அன்று, பிடிவாதமும் அன்று, பிறவியோடு ஒட்டிவரும் இயல்பு. மகாபாரதம் பார்த்தனைச் சவ்வியசாசி என்று புகழ்கின்றது. இடக்கையாலும் அம்பு எய்ய வல்லவன் என்பது அப்பெயரின் பொருள். போர்க்களத்தில் புகழப்பட்ட இடக்கை, வகுப்பறையில் மட்டும் ஏன் இகழப்பட வேண்டுமோ, அறியோம்!

கத்தரிக்கோல் மிகப் பழைய கருவி. பண்டைக் காலத்தில் இருந்தது இன்றைய வடிவினதன்று. வளைந்த ஓர் உலோகத் தகட்டின் இரு முனைகளிலும் இரண்டு அலகுகள் அமைந்திருக்கும். கையால் அமுக்கினால் அவை ஒன்றையொன்று கடந்து வெட்டும். கையைத் தளர்த்தினால் தாமே விரியும். நடுவில் ஆணி அறைந்த கத்தரிக்கோல் உரோமப் பேரரசில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வழங்கியது. இன்று நாம் கையாள்வது அதன் வழிவந்ததே.

கத்தரிக்கோலைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். அதில் இரண்டு நெம்புகோல்கள் உள்ளன. இரண்டுக்கும் பொதுவான தாங்கிடமாக நடுவில் திருகாணி அமைந்துள்ளது. ஒரு பக்கம் பிடிவளையங்கள், மறுபக்கம் அலகுகள். இவ்வளவும் எல்லாரும் அறிந்ததே. பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இரண்டு அலகுகளும் முழு நீளமும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. ஒவ்வோர் அலகும் மிகச் சிறிதளவு வளைக்கப்பட்டிருக்கும். உட்புறம் சற்றே குழிவாகத் தேய்க்கப்பட்டும் இருக்கும். ஆகவே, கத்தரிக்கோலை மூடும்பொழுது அலகுகள் ஒரே ஒரு புள்ளியில்தான் தொடுகின்றன. அப்புள்ளி ஆணியின் அருகிலிருந்து முனைவரை நகர்ந்து செல்கின்றது. துணி வெட்டுப்படுவது அப்புள்ளியிலேதான்.

இவ்வளைவைச் சரியாக அமைப்பது எளிதன்று. இங்கிலாந்து நாட்டில் ஷெபீல்டு நகரம் கத்தி, கத்தரிக்கோல் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே இரண்டு அலகுகளையும் இணைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி வளைவைச் சரிசெய்வதற்கென்றே தேர்ந்த தொழிலாளர் உண்டு. கண்ணால் பார்த்தும், மூடும் ஓசையைக் காதால் கேட்டும், கையால் உணர்ந்தும் அவர்கள் வேலை செய்வர். இத்திறமை கைவர நெடுங்காலப் பயிற்சி வேண்டும். 1902-ஆம் ஆண்டில் அந்நகரில் தோன்றிய எர்னஸ்ட் ரைட் என்னும் பட்டறை 2018-இல் முடங்கும் நிலைக்கு வந்து, பின்னர்ப் புதியோர் கைக்கு மாறிப் பிழைத்தது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்து மீரட் நகரம் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கத்தரிக்கோல் செய்து வருகின்றது. பழைய வண்டிகளின் இரும்பையும் உருக்கையும் பயன்படுத்தி அவற்றை அங்கே உருவாக்குகின்றனர். 2013-ஆம் ஆண்டில் மீரட் கத்தரிக்கோலுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இனி, கையின் செய்கையைக் காண்போம். வலக்கையில் கத்தரிக்கோலைப் பிடித்து மூடுங்கால், கட்டைவிரல் தன் வளையத்தை உள்ளங்கையை விட்டு அப்பால் தள்ளுகின்றது. ஏனைய விரல்கள் தம் வளையத்தை உள்ளங்கையை நோக்கி இழுக்கின்றன. நாம் இதனை எண்ணிச் செய்வதில்லை. விரல்களின் அமைப்பினால் தானே நிகழ்கின்றது. இந்தத் தள்ளுதலும் இழுத்தலும் திருகாணியைக் கடந்து அலகுகளை ஒன்றோடொன்று நெருக்குகின்றன. அந்நெருக்கமே துணியை வெட்டுகின்றது. அதே கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் யாது நிகழும்? இடக்கை வலக்கையின் கண்ணாடி உருவம் அன்றோ? எனவே, தள்ளும் திசையும் இழுக்கும் திசையும் மாறிவிடுகின்றன. அலகுகள் நெருங்குவதற்கு மாறாக விலகுகின்றன. இடையே உண்டாகும் சந்தில் துணி மடிந்து புகுந்துவிடுகின்றது.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. வெட்டுவதற்காகப் பிடிக்கும்பொழுது, வலக்கைக் கத்தரிக்கோலின் மேல் அலகு வலப்பக்கத்தில் அமைந்திருக்கும். வலக்கையர் அதனை இடப்பக்கத்திலிருந்து நோக்குவதால் கோடு அவர் கண்ணுக்கு நன்கு தெரியும். இடக்கையர் நோக்குவதோ வலப்பக்கத்திலிருந்து. மேல் அலகு கோட்டை மறைத்துவிடும். அவர் கழுத்தை வளைத்து அலகுக்கு அப்பால் எட்டிப்பார்க்க வேண்டும். இல்லையேல் ஊகத்தால் வெட்ட வேண்டும். என் தங்கையின் கத்தரிக்கோல் கோட்டை விட்டு விலகியதன் காரணம் இதுவே.

"கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடித்தால் போதாதோ?" என்று உங்களுள் சிலர் வினவலாம். நல்ல வினா. இதற்கு விடையை நீங்களே கண்டறியலாம். தடித்த அட்டையில் ஒரு சாண் நீளமுள்ள இரண்டு பட்டைகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து, நடுவில் குண்டூசியால் இணையுங்கள். கத்தரிக்கோலைப் போலப் பிடித்து, மேற்பட்டை எப்பக்கம் உள்ளது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அதனைத் தலைகீழாகப் புரட்டுங்கள். கீழ்ப்பட்டை மேலே வரும். ஆயினும், மேலே வந்த பட்டை மீண்டும் அதே பக்கத்திலேதான் இருக்கும். எத்தனை முறை புரட்டினும் இது மாறாது. வலக்காற் செருப்பை எப்படித் திருப்பினாலும் இடக்காலுக்குப் பொருந்தாமை போன்றதே இதுவும். குண்டூசியைக் கழற்றி, உள்ளிருந்த பட்டையை வெளியே வைத்து இணைத்தால்தான் பக்கம் மாறும். அட்டையில் இஃது எளிது. உருக்குக் கத்தரிக்கோலில் அவ்வாறு செய்தால், குழிவான உட்புறங்கள் வெளியே போய்விடும், அது வெட்டாது. ஆதலால், இடக்கைக் கத்தரிக்கோலைத் தொடக்கத்திலேயே கண்ணாடி உருவமாக வார்த்து அடித்துச் செய்ய வேண்டும். அதற்குத் தனி அச்சுகள் தேவை. வாங்குவோரோ பத்தில் ஒருவர். விலை கூடுவதற்கும் கடைகளில் எளிதிற் கிடையாமைக்கும் இவையே காரணங்கள்.

தையற்காரர் கையாளும் பெரிய கத்தரிக்கோலில் தொல்லை இன்னும் மிகுதி. கீழ் அலகு மேசைமேல் படிந்து செல்வதற்காக அதன் பிடி மேல்நோக்கி வளைக்கப்பட்டுள்ளது. வளையங்களும் வலக்கை விரல்களுக்கு ஏற்பச் சரிவாகக் கடையப்பட்டவை. இடக்கையில் பிடித்தால் வளையத்தின் விளிம்பு கட்டைவிரலின் அடியை அழுத்தும். நாள் முழுதும் வெட்டுவோருக்கு அவ்விடம் புண்ணாதலும் காய்த்துப் போதலும் உண்டு. தையலால் பிழைக்க விரும்பும் ஓர் இடக்கையருக்கு இது சிறு செய்தி அன்று.

இருபதாம் நூற்றாண்டில் இக்குறையைச் சிலர் உணரத் தொடங்கினர். 1960-களின் பிற்பகுதியில் இலண்டன் மாநகரில் இடக்கையருக்கான பொருள்களை மட்டுமே விற்கும் கடை ஒன்று திறக்கப்பட்டது. அக்கடை இன்று அங்கே இல்லை. பின்லாந்து நாட்டுப் பிஸ்கார்ஸ் நிறுவனம் 1967-இல் நெகிழிப் பிடியுள்ள கத்தரிக்கோலை வெளியிட்டது. நெகிழியில் விரலுக்கேற்ற வடிவம் கொடுத்தல் எளிதாகையால் பிடிகளின் அமைப்பே மாறியது. அதன் செம்மஞ்சள் நிறத்துக்கு ஒரு கதை உண்டு. பழச்சாறு பிழியும் கருவிக்காக வைத்திருந்த நெகிழி எஞ்சியிருந்ததாம். அதனைக் கொண்டு மாதிரிப் பிடியை வார்த்தனராம். அந்நிறம் எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று.

நல்ல இடக்கைக் கத்தரிக்கோலைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கடையில், "இது இரு கைக்கும் பொருந்தும்" என்று சொல்லிச் சிலவற்றைக் காட்டுவர். அவற்றுள் பெரும்பாலானவற்றில் பிடி மட்டுமே பொதுவானது. அலகுகள் வலக்கைக்கு உரியவையே. அவற்றை வாங்குவது பணத்துக்குக் கேடு. இடக்கையில் கட்டைவிரல் மேலிருக்கப் பிடித்து, அலகுகளைச் சிறிது விரித்துப் பாருங்கள். மேல் அலகு இடப்பக்கத்தில் இருத்தல் வேண்டும். வலப்பக்கத்தில் இருப்பின், அட்டைப் பெட்டியின்மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் நம்பாதீர்கள். அடுத்து, மெல்லிய மல்துணித் துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள். தடித்த துணியை மழுங்கிய கத்தரிக்கோலும் ஓரளவு வெட்டிவிடும்; மல்துணிதான் உண்மையைக் காட்டும். விரல்களைத் தளர்த்தி, ஆணியின் அருகிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் வெட்டுங்கள். நுனியிலும் துணி மடியாமல் வெட்டுப்படுதல் வேண்டும். கடைக்காரர் இசையார் எனின், வேறு கடைக்குச் செல்வதே நன்று. மொத்த நீளம் எட்டு அங்குலம் முதல் பத்து அங்குலம் வரையுள்ள கத்தரிக்கோல் வெட்டுவேலைக்கு ஏற்றது என்பர். சிறிய கை உடையவர் எட்டு அங்குலத்தோடு நிற்கலாம் என்பது என் கருத்து.

சாணை பிடிக்கக் கொடுக்கும்பொழுது அது இடக்கைக்கு உரியது என்பதை மறவாமல் சொல்ல வேண்டும். சாணைக்காரர் தம் கைப்பழக்கத்தின்படி சரிவை மாற்றித் தேய்த்துவிட்டால் நல்ல கத்தரிக்கோலும் கெட்டுப்போம்.

என் தங்கைக்கு இத்தகைய கத்தரிக்கோல் ஒன்று சென்ற ஆண்டு கிடைத்தது. அவள் ஆவலோடு துணியை எடுத்து வெட்டினாள். அந்தோ! துணி பழையபடி மடிந்து சிக்கிக்கொண்டது. "எனக்கு வராது என்று அப்பொழுதே சொன்னார்களே, அண்ணா!" என்று அதனைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் விரல்களைக் கூர்ந்து நோக்கிய பின்னரே உண்மை புலனாயிற்று. பள்ளி நாள்களில் வலக்கைக் கத்தரிக்கோலை வெட்டச் செய்வதற்காகக் கட்டைவிரலை வலிந்து உட்புறம் இழுக்கத் தானே பழகியிருந்தாள். ஆண்டுகள் பல கடந்தும் விரல் அதனை மறக்கவில்லை. அந்த இழுப்பு, தனக்கென்று செய்த கத்தரிக்கோலின் அலகுகளையே விலக்கிவிட்டது.

நாள்தோறும் பழந்துணியில் சிறிது நேரம் வெட்டிப் பழகுமாறு சொன்னேன். இரண்டு வாரம் முன்னும் பின்னுமாகச் சென்றது. மூன்றாம் வாரத்தில் விரல் தளர்ந்தது. கோடும் அலகும் ஒன்றாயின. அதன்பின் தன் மகளுக்கு ஒரு பாவாடை வெட்டினாள். பக்கத்தில் இருந்த நான் அக்கத்தரிக்கோலை வலக்கையில் வாங்கி வெட்ட முயன்றேன். துணி மடிந்து அலகுகளுக்கு இடையே சிக்கியது. அதனை எடுக்க நெடுநேரம் ஆயிற்று. இப்பொழுது அதன் பிடியில் அவள் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்திருக்கிறாள், வீட்டில் வேறு எவரும் தவறி எடுத்துவிடக் கூடாது என்று.