கட்டுரைக்கு மதிப்பெண் எங்கே இருக்கிறது?

அமெரிக்கக் கல்லூரிகளில் சர்வதேச அரசியல் அறிமுகப் பாடம் எடுப்பவர்கள், முதல் வாரமே மதிப்பெண் பங்கீட்டைப் பார்த்துவிடுவது நல்லது. கட்டுரைக்குப் பெரும்பங்கு என்றால், தேதிகளை மனப்பாடம் செய்வதைவிட ‘ஏன்’ என்ற கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் எழுந்த 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை எடுத்துக்கொள்வோம். அந்த 13 நாள்களையும் வரிசையாக எழுதினால் அது செய்தித் தொகுப்புதான். வான்தாக்குதலை விட்டுவிட்டு அமெரிக்க அதிபர் கென்னடி ஏன் கடல் முற்றுகையைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டால் வாதம் பிறக்கும். அரசியல் அறிஞர் கிரஹாம் அலிசன் 1971இல் வெளியிட்ட நூல் இந்த நெருக்கடியை மூன்று கோணங்களில் அலசுகிறது: லாபநட்டம் பார்த்து முடிவெடுக்கும் அரசு, பழகிய நடைமுறைப்படி இயங்கும் அமைப்புகள், அதிகாரத்தில் இருப்பவர்களுக்குள் நடக்கும் பேரம். இவற்றில் இரண்டை மோதவிட்டு, எது கூடுதலாக விளக்குகிறது என்று துணிந்து தீர்ப்புச் சொல்லுங்கள்.

தகவல் இல்லாமல் வாதமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நெருக்கடியை முடிக்க, துருக்கியிலிருந்து தன் ஜூபிட்டர் ஏவுகணைகளை அகற்ற வாஷிங்டன் ரகசியமாக ஒப்புக்கொண்டது என்ற ஒரே தகவல், சரியான இடத்தில் வைத்தால், பத்துத் தேதிகள் செய்யாத வேலையைச் செய்யும். ஆசிரியரின் கருத்தை ஒப்பித்தால் மதிப்பெண் கிடைக்கும் என்பது பலருக்கும் உள்ள நம்பிக்கை. ஆனால் ஆசிரியரின் கருத்தோடு ஒத்துப்போனாலும், மாற்றுக் கருத்தைச் சந்திக்காத கட்டுரை பலவீனமானதுதான். முதல் வரைவு தயாரானதும், மாணவர்களுக்கென ஆசிரியர் ஒதுக்கியிருக்கும் நேரத்தில் போய்க் காட்டிவிடுங்கள்.