சேராத கணக்கு

விலங்கியல் மூன்றாமாண்டில் புராஜெக்ட் செய்யப்போகும் தங்கைக்கு,

யாருக்கு யார் கைடு என்ற பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறியதும், பெரும்பாலான மாணவர்கள் ஆசிரியரிடம் போய்க் கேட்பது "சார், என்ன டாபிக்?" என்றுதான். சீனியரின் ரிப்போர்ட்டில் ஊரையும் ஆண்டையும் மாற்றி, பைண்டிங் போட்டு, வைவாவுக்கு வந்து நிற்பவர்களும் உண்டு. அவர்களைக் கண்டிப்பதற்கல்ல இந்தக் கடிதம். உன்னைப் போலவே இளங்கலை படித்த ஒருவர், நூறாண்டுக்கு முன் தன் பேராசிரியரிடம் என்ன கொண்டுபோனார், என்ன பெற்றார் என்று சொல்வதற்கு.

அவர் பெயர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட். அமெரிக்காவின் அலபாமாவில் அப்பாவின் பண்ணையில், குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, குதிரைகளின் நிறம் தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்குகிறது என்று வம்சாவளிப் பதிவுகளை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். அதைப் பேராசிரியர் தாமஸ் ஹன்ட் மார்கனிடம் காட்டும்படி சொன்னவர் ஸ்டர்ட்டிவன்ட்டின் அண்ணன். மார்கன் படித்துவிட்டு, பிரசுரத்துக்கு அனுப்பச் சொன்னார். 1910-ல் அது அச்சேறியது. அதே ஆண்டு தன் ஆய்வகத்தில் அந்த மாணவருக்கு ஒரு மேசையும் ஒதுக்கினார்.

அந்த ஆய்வகத்துக்கு 'ஈ அறை' என்றே பெயர். சிறிய அறை, எட்டு மேசைகள், பால் பாட்டில்களில் பழ ஈக்கள், அவற்றுக்குத் தீனியாக வாழைப்பழம். பாட்டில் கழுவுவதற்கு வேலைக்குச் சேர்ந்த கால்வின் பிரிட்ஜஸும் இளங்கலை மாணவர்தான். கழுவப் போன பாட்டிலின் தடித்த கண்ணாடி வழியாகவே, ஒரு ஈயின் கண் மற்றவற்றைவிடப் பளிச்சென்று சிவந்திருப்பதைக் கவனித்தார். பிறகு அவருக்கும் மேசை கிடைத்தது.

அங்கே ஈக்களை எண்ணியபோது தெரிந்தது இது: ஒரே குரோமோசோமில் மரபணு உள்ள இரண்டு பண்புகள் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும். சில ஈக்களில் மட்டும் பிரியும். எத்தனை சதவீதம் பிரியும் என்பது ஜோடிக்கு ஜோடி மாறியது. இரண்டு மரபணுக்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் காரணமாக இருக்கும் என்று மார்கன் கருதினார். 1911-ல் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஸ்டர்ட்டிவன்ட்டுக்குச் சட்டென்று உறைத்தது: அப்படியானால் அந்தச் சதவீதத்தையே அளவுகோலாக வைத்து, எது எதற்குப் பக்கத்தில் என்று வரிசைப்படுத்திவிடலாமே! மதுரை–திண்டுக்கல், திண்டுக்கல்–திருச்சி, மதுரை–திருச்சி என்று மூன்று தூரங்கள் தெரிந்தால், எந்த ஊர் நடுவில் இருக்கிறது என்று வரைபடம் இல்லாமலே சொல்லலாம் அல்லவா? அன்று கல்லூரிப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, இரவில் பெரும்பகுதி விழித்திருந்து, உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டார்.

அந்த இரவில் அவர் புதிதாக எந்தச் சோதனையும் செய்யவில்லை. ஆய்வகத்தில் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்த கணக்கையே வேறு கேள்வியோடு பார்த்தார்.

1913-ல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் உள்ள எண்களைப் பார். வெள்ளைக் கண்ணுக்கும் பளிச்சிவப்புக் கண்ணுக்கும் இடையே 29.7 சதவீதம். பளிச்சிவப்புக் கண்ணுக்கும் குட்டிச் சிறகுக்கும் இடையே 3.0. வெள்ளைக் கண்ணுக்கும் குட்டிச் சிறகுக்கும் நேராக எண்ணினால் 33.7. கூட்டல் கிட்டத்தட்ட சரி. ஆனால் தொலைவில் உள்ள இன்னொரு மரபணு, முழுதாக வளராத சிறகுக்கு உரியது, இடித்தது. பளிச்சிவப்புக் கண்ணிலிருந்து அதற்கு 26.9. அதை 29.7-உடன் கூட்டினால், வெள்ளைக் கண்ணிலிருந்து 56.6 வரவேண்டும். எண்ணிப் பார்த்ததில் கிடைத்ததோ 45.2.

நம் லேப்களில் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். விடையை வைத்துக்கொண்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து எழுதிவிடுவோம். ஸ்டர்ட்டிவன்ட் 45.2-ஐ அப்படியே அச்சில் விட்டார், காரணமும் சொன்னார்: நடுவே இரண்டு இடங்களில் முறிந்து இடம் மாறினால், இரு கோடிகளில் உள்ள மரபணுக்கள் பழையபடி சேர்ந்தே நிற்கும், எண்ணுபவருக்கு எதுவுமே மாறாததுபோல் தெரியும். அதனால்தான் தூரம் கூடக்கூட எண்ணிக்கை அதைக் குறைத்துக் காட்டுகிறது. மரபியல் பாடத்தில் இரட்டைக் குறுக்கேற்றம் என்று நீ படிப்பது இதைத்தான்.

ஆகவே கைடிடம் டாபிக் கேட்பதற்கு முன்னால், துறை அலமாரியின் சாவியைக் கேள். பல ஆண்டுகளின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் அங்கே தூசியோடு அடுக்கியிருக்கும். ஒரே குளத்து நீரை, ஒரே ஊர்க் கொசுவைப் பல பேட்ச் மாணவர்கள் அளந்திருப்பார்கள். அந்த அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். எங்கே ஒருவர் எண் மற்றவர் எண்ணோடு சேரவில்லையோ, அங்கே கேள்வி இருக்கிறது. அளந்த மாதம் வேறா, முறை வேறா, குளமே மாறிவிட்டதா என்று மறுபடி அளந்து பார்ப்பதற்கு ஒரு செமஸ்டர் போதும். பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பின் பதிவுகள் போல, யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயக்கூடிய தரவும் இருக்கிறது. கருவி இல்லை என்பது பல சமயம் உண்மையான தடை அல்ல. பழ ஈக்குத் தேவை வாழைப்பழமும் பாட்டிலும்தான். 25 டிகிரி வெப்பத்தில் சுமார் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும்.

கைடுக்கு உன் கேள்வி பழக்கமில்லாததாக இருக்கலாம். அப்போது வெளியே ஒருவரைத் தேடு. 1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் வானியற்பியலாளராகப் புகழ்பெற்ற சந்திரசேகர், அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். சோமர்ஃபெல்டின் புத்தகத்தைச் சந்திரசேகர் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தார். அதில் உள்ள இயற்பியல் பழசாகிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், எலக்ட்ரான்களுக்கான புதிய புள்ளியியலைப் பயன்படுத்திய, அச்சுக்குப் போகவிருந்த தன் கட்டுரையின் புரூஃபைக் கையில் கொடுத்தார். சில மாதங்களில் சந்திரசேகர் அந்தப் புதிய புள்ளியியலை வைத்து ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ஃபௌலருக்கு அஞ்சலில் அனுப்பினார். 1929-ல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. புத்தகத்தைப் படித்துவிட்டுப் போனதால்தான் அந்தச் சந்திப்பில் பேச்சு எடுபட்டது. நீயும் யாருக்காவது மின்னஞ்சல் எழுதினால், அவருடைய எந்தக் கட்டுரையில் எந்த இடம் புரியவில்லை என்று எழுது. வெறும் "கைடன்ஸ் வேண்டும்" என்ற கடிதத்துக்குப் பதில் வருவது அபூர்வம்.

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். கட்டுரை வெளியானால் யார் யார் பெயர் வரும் என்பதை, வேலை தொடங்கும் வாரத்திலேயே கைடிடம் மரியாதையாகக் கேட்டுவிடு. ஸ்டர்ட்டிவன்ட்டின் வரைபடக் கட்டுரையில் அவர் பெயர் மட்டும்தான். மார்கன் தன் பெயரைச் சேர்க்கவில்லை. 1933-ல் நோபல் வந்தபோதும், அந்தப் பணத்தைத் தன் பிள்ளைகளுக்கும் ஸ்டர்ட்டிவன்ட், பிரிட்ஜஸ் இருவரின் பிள்ளைகளுக்கும் பகிர்ந்தளித்தார். எல்லா கைடும் மார்கன் ஆகமாட்டார்; நீயும் உன் பங்குக்கு நியாயமாக இரு. உன்னோடு உட்கார்ந்து ஈ எண்ணிய ஜூனியர், விடுமுறை நாளில் லேப்பைத் திறந்துவிட்ட அசிஸ்டன்ட், பழைய ரிப்போர்ட்டில் அந்த எண்ணை முதலில் எழுதிய சீனியர் ஆகிய எல்லார் பெயரையும் ரிப்போர்ட்டில் எழுது.