பாரிஸ் மாநகரில் ஓர் அயல்நாட்டு மாணவி

கல்வியின் பொருட்டு அயல்நாட்டுப் பெருநகரிற் குடிபுகும் மாணாக்கர்க்கு அந்நகரமும் ஓர் ஆசிரியனாம். இதற்கு மேரி கியூரி அம்மையாரின் மாணவப் பருவம் தக்க சான்றாகும்.

போலந்து நாட்டு வார்ஸா நகரில் 1867-ஆம் ஆண்டிற் பிறந்தவர் இவ்வம்மையார். அக்காலத்து ருஷிய ஆட்சியில் அந்நகரத்துச் சர்வகலாசாலை பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆதலின் பல ஆண்டுகள் பிறர் இல்லங்களில் ஆசிரியையாயிருந்து, அவ்வூதியத்தால் முதலில் தம் தமக்கை பாரிஸில் வைத்தியம் பயில உதவினார். பின்னர் 1891-இல் தாமும் அங்குச் சென்று ஸார்போன் கலாசாலையிற் சேர்ந்தார்.

தமக்கையின் இல்லம் கலாசாலைக்குத் தொலைவிலிருந்தமையின், லத்தீன் பகுதியில் உச்சிமாடிச் சிற்றறையொன்றை வாடகைக்குக் கொண்டார். குளிர்காலத்தில் நிலக்கரியைத் தாமே ஆறு மாடி சுமந்தேறுவார். இரவில் உடைகளையெல்லாம் போர்வைமேற் குவித்து உறங்குவார். தாய்நாட்டிற் கற்ற பிரெஞ்சும் கணிதமும் போதாமையை விரைவில் உணர்ந்தார், எனினும் தளர்ந்தாரல்லர். 1893-இல் பௌதிகத் தேர்வில் முதலிடமும், 1894-இல் கணிதத் தேர்வில் இரண்டாமிடமும் எய்தினார்.

இதனிடையே தாய்நாட்டிலிருந்து 600 ரூபிள் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அது கடனன்று, திருப்பிக் கேட்பாரும் இலர். ஆயினும் மற்றோர் ஏழை மாணாக்கர்க்குப் பயன்படுமாறு, தம் முதல் வருவாயிலிருந்து அத்தொகையைத் திருப்பிச் செலுத்தினார்.

நண்பர்காள்! 1903-இலும் 1911-இலும் அவர் பெற்ற நோபெல் பரிசுகளை உலகம் அறியும். பிறர் உதவியாற் கற்கும் நாம் அவ்வறுநூறு ரூபிளையும் மறவாதிருப்போமாக.