வனஸ்பதியும் நம் அன்றாட உணவுக் கணக்கும்

சில ஆண்டுகளுக்கு முன், வழக்கமான மருத்துவப் பரிசோதனையின் அறிக்கையுடன் மருத்துவர் முன் அமர்ந்திருந்தேன். தீய கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவு உயர்ந்தும், நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். அளவு குறைந்தும் இருந்தன. எங்கள் இல்லத்தில் எண்ணெயை அளந்தே பயன்படுத்துகிறோம் என்று சற்றுப் பெருமிதத்துடன் கூறினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வீட்டு எண்ணெய்க்குக் கணக்கு வைத்திருக்கிறீர்கள், சரி. அலுவலகத்தில் மாலைத் தேநீருடன் உண்பவற்றுக்குக் கணக்கு உண்டா?”

நாள்தோறும் பற்று வரவுகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அக்கேள்விக்கு விடை தெரியவில்லை. பிஸ்கட், ரஸ்க், பப்ஸ், வாரம் இருமுறை சமோசா என்று நான்கு மணிக்கு உண்டவை எவையும் என் கணக்கில் ஏறியிருக்கவில்லை. அவற்றில் எத்தகைய கொழுப்பு உள்ளது என்றும் நான் அறிந்திருக்கவில்லை. அதன்பின் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டவற்றை, என்னைப் போன்றே இக்கணக்கை எழுத மறந்த வாடிக்கையாளர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எண்ணெய் எவ்வாறு கெட்டியாகிறது?

தாவர எண்ணெய்களுள் பெரும்பாலானவை சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருப்பதற்குக் காரணம் அவற்றின் மூலக்கூறு அமைப்பாகும். கொழுப்பமிலம் என்பது கரி அணுக்களாலான நீண்ட சங்கிலி. அச்சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் இயற்கையாக ஒரு வளைவு அமைகிறது. வளைந்த சங்கிலிகள் நெருக்கமாக அடுங்குவதில்லை. ஆதலால் எண்ணெய் இளகிய நிலையிலேயே நிற்கிறது.

நிக்கல் உலோகத்தை வினையூக்கியாகக் கொண்டு, சூடான எண்ணெயினுள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் இரட்டைப் பிணைப்புகள் நிறைவுறத் தொடங்கும், எண்ணெய் கெட்டிப்படும். உலோக வினையூக்கியின் துணையால் ஹைட்ரஜனேற்றம் செய்யும் முறையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பால் சபாத்தியே 1912இல் நோபல் பரிசு பெற்றார். அம்முறையைத் திரவ எண்ணெய்களுக்குப் பயன்படுத்தி 1902இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன். 1911இல் அமெரிக்காவில் ‘கிரிஸ்கோ’ என்னும் பெயரில் இத்தகைய கொழுப்பு கடைகளுக்கு வந்தது.

இச்செயலை முழுவதும் முடிக்காமல் இடையில் நிறுத்தினால், தோசைக்கல்லில் இட்டதும் உருகக்கூடிய மென்மையான கொழுப்பு கிடைக்கிறது. சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. எஞ்சியிருக்கும் இரட்டைப் பிணைப்புகளுள் ஒரு பகுதி தன் வளைவை இழந்து நேராகிவிடுகிறது. இவ்வாறு நேரான வடிவம் பெற்றதே டிரான்ஸ் கொழுப்பு. முழுமையாக ஹைட்ரஜனேற்றிய கொழுப்பில் இரட்டைப் பிணைப்பே ஏறத்தாழ எஞ்சுவதில்லை. ஆகவே அதில் டிரான்ஸ் கொழுப்பு மிகக் குறைவு. ஆனால் அது நிறைவுற்ற கொழுப்பாக மாறியிருக்கும். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்வது பின்னர்ப் பயன்படும்.

வனஸ்பதி இந்தியாவுக்கு வந்த கதை

நெய் விலையுயர்ந்த பொருளாக இருந்த நம் நாட்டில், நெய்யைப் போன்ற தோற்றமும் குருணையும் கொண்ட மலிவான கொழுப்புக்கு வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை. முதலில் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான இப்பொருள் 1930களில் இங்கேயே உற்பத்தியாகத் தொடங்கியது. 1937இல் அறிமுகமான ‘டால்டா’ என்னும் வணிகப்பெயர், காலப்போக்கில் அப்பொருளுக்கே பெயராகிவிட்டது. தென்னை மரம் பொறித்த அந்த மஞ்சள் தகர டப்பா, உள்ளிருந்தது தீர்ந்த பின்னும் பருப்பு வைக்கவும் துளசி வளர்க்கவும் பயன்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

வனஸ்பதிக்கு எதிர்ப்பும் அன்றே இருந்தது. காந்தியடிகள் அதனை ஏற்கவில்லை. விடுதலைக்குப் பின் அதனைத் தடைசெய்ய வேண்டும் என்ற குரல் நாடாளுமன்றம் வரை ஒலித்தது. அக்காலத்துப் பெருங்கவலை நெய்யில் வனஸ்பதியைக் கலக்கும் மோசடி பற்றியதாகும். அதற்குச் சட்டம் கண்ட தீர்வு சுவையானது: வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நல்லெண்ணெய் உள்ள கொழுப்பு பாடுவின் சோதனையில் செந்நிறம் காட்டும். எனவே நெய்யில் வனஸ்பதி கலந்திருந்தால், அதனுள் இருக்கும் நல்லெண்ணெயே ஆய்வுக்கூடத்தில் சாட்சி சொல்லிவிடும்.

கலப்படத்தைக் கண்டறிய வழி பிறந்தது. ஆயினும் வனஸ்பதி தன்னளவில் உடலுக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடைக்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

இரத்தக் குழாயில் நேர்வது என்ன?

1990இல் நெதர்லாந்து அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு ஒரு திருப்புமுனை. நிறைவுற்ற கொழுப்பு, எல்.டி.எல்.லை உயர்த்தும் என்பது முன்பே அறிந்த ஒன்று. டிரான்ஸ் கொழுப்போ எல்.டி.எல்.லை உயர்த்துவதுடன் எச்.டி.எல்.லைக் குறைக்கவும் செய்கிறது என்று அவ்வாய்வு காட்டியது. வங்கி மொழியில் கூறின், கடனும் ஏறுகிறது. அதே வேளையில் சேமிப்பும் கரைகிறது.

பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2006இல் வெளியான கட்டுரையொன்று, அன்றாட ஆற்றலில் 2 சதவீதம் டிரான்ஸ் கொழுப்பிலிருந்து வருமாயின் இதய நோய் 23 சதவீதம் மிகுவதாகக் கணக்கிட்டது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு 2 சதவீதம் என்பது 40 கலோரி. அதாவது ஏறத்தாழ நாலரை கிராம் கொழுப்பு. ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லாத ஒன்று இத்துணை வேறுபாட்டைத் தருகிறது.

உலக சுகாதார நிறுவனம், டிரான்ஸ் கொழுப்பு மொத்த ஆற்றலில் 1 சதவீதத்தை மிஞ்சலாகாது என்கிறது. 2000 கலோரி உணவில் இது 2.2 கிராமுக்குச் சமம். தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பை உலகெங்கும் அகற்றும் திட்டத்தை 2018இல் அறிவித்தபோது, டிரான்ஸ் கொழுப்பால் நேரும் இதய நோய் மரணங்கள் ஆண்டுக்கு 5 இலட்சத்துக்கும் மேல் என அந்நிறுவனம் மதிப்பிட்டிருந்தது.

சட்டம் வகுத்த எல்லை

இதில் முதலடி எடுத்து வைத்த நாடு டென்மார்க். கொழுப்பில் டிரான்ஸ் அளவு 2 சதவீதத்தைத் தாண்டலாகாது என அது 2003இலேயே விதித்தது. பகுதியளவு ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்களைப் பாதுகாப்பானவை என்று இனிக் கருத இயலாது என அமெரிக்கா 2015இல் முடிவு செய்தது.

நம் நாட்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் படிப்படியாக வரம்பை இறுக்கியது. 2011 விதிகளில் வனஸ்பதிக்கு 10 சதவீதமாக இருந்த எல்லை, பின்னர் 5 சதவீதமாகவும், 2021 ஜனவரியில் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரியில் 2 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. அதே 2022 ஜனவரி முதல், எண்ணெய்களும் கொழுப்புகளும் சேர்த்துத் தயாரிக்கப்படும் உணவுப் பொருள்களுக்கும் இவ்வெல்லை பொருந்துகிறது. பாலிலும் நெய்யிலும் இயற்கையாகச் சிறிதளவு டிரான்ஸ் கொழுப்பு உண்டு. இவ்விதி அதற்கன்று, தொழிற்சாலை முறையில் உண்டாவதற்கே.

ஒரு சிறு கணக்கு

இவ்வெண்கள் நம் தட்டில் என்னவாகின்றன எனப் பார்ப்போம். 100 கிராம் பிஸ்கட்டில் 20 கிராம் கொழுப்பு இருப்பதாகவும், அது முழுவதும் வனஸ்பதியிலிருந்தே வருவதாகவும் கொள்வோம்.

10 சதவீத எல்லையின்போது: 2 கிராம் வரை டிரான்ஸ் கொழுப்பு.
5 சதவீத எல்லையின்போது: 1 கிராம் வரை.
2 சதவீத எல்லையில்: 0.4 கிராம் வரை.

ஒரு நாளைய உச்ச அளவு முழுவதையும் ஒரே பொட்டலம் விழுங்கிவிடக்கூடிய நிலை மாறி, அதன் ஐந்தில் ஒரு பங்கிற்கு வந்துள்ளோம். இது மெய்யான முன்னேற்றம். எனினும் கணக்கு இத்துடன் முடிவதில்லை.

கொழுப்பு கெட்டியாக இருந்தால்தான் பப்ஸ் அடுக்கடுக்காகப் பிரியும், பிஸ்கட் மொறுமொறுப்பாகும். டிரான்ஸ் கொழுப்பை நீக்கிய இடத்தில் கெட்டித்தன்மையைத் தருவதற்குப் பெரும்பாலும் பாமாயிலும் அதன் பகுதிப்பொருள்களும் வந்துள்ளன. பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. மேற்கண்ட பிஸ்கட் பாமாயிலால் ஆனதாயின், 20 கிராம் கொழுப்பில் 10 கிராம் நிறைவுற்றதாக இருக்கும். பொட்டல விவரங்களுக்கு ஆணையம் அடிப்படையாகக் கொள்ளும் ஒரு நாளைய அளவு 22 கிராம். தேநீருடன் உண்ட ஒரே பொட்டலத்தில் அதன் பாதியை நெருங்கிவிடுகிறோம். ‘டிரான்ஸ் கொழுப்பு அற்றது’ என்ற வாசகத்தைக் கண்டு மனநிறைவுடன் இரண்டாம் பொட்டலத்தைப் பிரிப்பவர் இதனைக் கருத வேண்டும்.

அவ்வாசகத்துக்கும் ஒரு பொருள் வரையறை உண்டு. 100 கிராம் உணவில் 0.2 கிராமுக்குக் குறைவாக டிரான்ஸ் கொழுப்பு இருப்பின் அவ்வாறு அச்சிடலாம். மிகச் சிறிய அளவுதான். ஆயினும் அது முற்றிலும் சுழியம் என்று பொருளாகாது.

பொட்டலத்தை வாசிக்கும் முறை

வைப்புநிதிப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் நிபந்தனைகளைப் படியுங்கள் என்று கிளையில் பலமுறை கூறுகிறோம். உணவுப் பொட்டலத்துக்கும் இதுவே பொருந்தும். முன்பக்கத்துப் படத்தை விட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் பாருங்கள்.

முதலாவதாக, சேர்பொருள் பட்டியல். எடையில் மிகுந்தது முதலில் வரும் வரிசையில் இது அமைந்திருக்கும். ‘ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்’, ‘பார்ஷியலி ஹைட்ரஜனேட்டட்’, ‘வனஸ்பதி’, ‘மார்ஜரின்’, ‘பேக்கரி ஷார்ட்டனிங்’ ஆகிய சொற்கள் முதல் மூன்று நான்கு இடங்களுள் இருப்பின் கவனம் தேவை. ‘பார்ஷியலி’ என்னும் சொல்லே டிரான்ஸ் கொழுப்பைச் சுட்டுவது.

இரண்டாவதாக, ஊட்டச்சத்து அட்டவணை. மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு ஆகிய மூன்று வரிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். டிரான்ஸ் வரியில் சுழியம் இருந்தாலும் அதற்கு மேலுள்ள நிறைவுற்ற கொழுப்பு வரியைத் தவறவிடலாகாது.

மூன்றாவதாக, அளவு. ஒரு பரிமாறலுக்கு என்று தரப்பட்டுள்ள விழுக்காடு இரண்டு பிஸ்கட்டுகளுக்கு உரியதாக இருக்கலாம். நாம் உண்பது ஆறு எனில் அதனை மூன்றால் பெருக்க வேண்டும்.

பொட்டலமில்லாத பண்டங்கள்

கண்ணாடி அலமாரியில் அடுக்கிய பப்ஸ், தள்ளுவண்டிச் சமோசா, திருவிழாக்கால ஜிலேபி, உணவகத்துப் பட்டூரா ஆகியவற்றுக்குப் பின்பக்க எழுத்துகள் இல்லை. இவ்விடத்தில் நம் துணை கேள்வி கேட்கும் பழக்கமே. எந்தக் கொழுப்பில் செய்கிறீர்கள் என்று பணிவாக வினவுவதில் தவறில்லை.

பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவது வேறொரு கேடு. அவ்வாறு காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து, தீங்கான சேர்மங்கள் பெருகுகின்றன. ‘மொத்த முனைவுச் சேர்மங்கள்’ எனப்படும் இவை 25 சதவீதத்தைக் கடந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்பது 2018 ஜூலை முதல் விதியாக உள்ளது. கருத்துப்போய், நுரைத்து, பிசுபிசுக்கும் எண்ணெயைக் கண்டால் அக்கடையைத் தவிர்ப்பதே நன்று. வீட்டிலும் சிறிய வாணலியில் தேவைக்கேற்பச் சிறிதளவே ஊற்றிப் பொரித்து, எஞ்சியதை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடலாம்.

நம் வாடிக்கையாளர்களுள் அடுமனை நடத்துவோரும், சிற்றுண்டிக் கடைக்குக் கடன் பெற்றோரும் பலர். அவர்களுக்கு ஒரு சொல். 15 கிலோ தகரங்களில் கொழுப்பு வாங்கும்போது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் டிரான்ஸ் கொழுப்பின் அளவும் தகரத்தின் மேல் உள்ளனவா என்று பாருங்கள். ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். விவரமற்ற கொழுப்பை விலை குறைவு என்று வாங்கினால், ஆய்வின்போது பதில் கூற வேண்டியவர் கடைக்காரரே.

நிறைவாக

மேற்கண்ட பண்டங்களை அறவே விலக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. விழா நாளில் ஓர் இனிப்பு உண்பதால் எவர் இதயமும் கெட்டுவிடாது. நாள்தோறும் நான்கு மணிக்கு, எண்ணாமல் உண்ணும் சிறு அளவே ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நிலுவையாகிறது. கூட்டு வட்டியின் இயல்பை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

என் மேசை இழுப்பறையில் இப்போது வறுத்த கடலையும் பொட்டுக்கடலையும் உள்ளன. பப்ஸ் மாதம் ஒருமுறை, பிறந்த நாள் கொண்டாடும் சக ஊழியரின் செலவில். மருத்துவரிடம் அடுத்த முறை சென்றபோது அவர் அதே கேள்வியை மீண்டும் கேட்டார். இம்முறை என்னிடம் விடை இருந்தது. இன்று மாலைத் தேநீருக்குமுன் தாங்களும் ஒருமுறை பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்.